பிலிமில் நெபுலா: ரோல் வாங்குவதிலிருந்து ஸ்கேன் வரை ஒரு முழு வழிகாட்டி

பிலிமில் நெபுலா (விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம்) எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஐஎஸ்ஓ ரோல் வாங்கணும்?" என்றுதான். ஐஎஸ்ஓ என்பது பிலிமின் ஒளி உணர்வைச் சொல்லும் எண். பொருள் மங்கலானது, அதனால் 800, 1600 என்று எண் பெரிதாக இருந்தால் சீக்கிரம் பதியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நெபுலாவைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓ மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த பிலிமுக்கு 656.3 நானோமீட்டர் சிவப்பு தெரியுமா என்பது. இரண்டாவது, ஷட்டரை இருபது நிமிடம் திறந்தே வைத்தால் கடைசி நிமிடம் வரை அது ஒளியை வாங்குமா, நடுவிலேயே மந்தமாகிவிடுமா என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்து ரோல் வாங்கினால், சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸிலேயே ஓரியன் விண்மீன் கூட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் மங்கலான சிவப்பு வாயு வளைவு, பர்னார்டு வளையம், பதியும். தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலையுயர்ந்த மவுண்டில் (வானம் நகர்வதைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் தாங்கியில்) வைத்து எடுத்தாலும் நட்சத்திரம் மட்டும்தான் வரும்.

டிஜிட்டலில் இது எளிது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: கடையில் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் இந்தச் சிவப்பின் பெரும்பகுதியை வெட்டிவிடும், அதனால்தான் வானியல் ஆட்கள் அந்த ஃபில்டரைக் கழற்றி மாற்றிக்கொள்கிறார்கள். சரியான பிலிம் ரோலுக்கு இந்த அறுவை சிகிச்சை எதுவும் வேண்டாம். வீட்டில் அப்பா காலத்து கேமரா ஒன்று பீரோவில் இருந்தால் அதுவே போதும்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது

ஓரியன் நெபுலா, ரோசெட், லகூன், ஈட்டா கரினே எல்லாமே பெரும்பாலும் ஹைட்ரஜன். பக்கத்தில் இருக்கும் சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் அந்த ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. திரும்பி ஒட்டிக்கொள்ளும் எலக்ட்ரான் படிப்படியாகக் கீழே இறங்கும்போது, மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வரும் இறக்கத்தில் 656.3 நானோமீட்டர் ஒளி வெளிவருகிறது. இதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா என்று பெயர். இதோடு 486.1-இல் ஹைட்ரஜன் பீட்டாவும், 495.9, 500.7-இல் ஆக்சிஜனின் பச்சை நீலமும் சேரும். ஆக, நெபுலாவின் ஒளி பெரும்பாலும் இந்த நாலைந்து கோடுகளில் குவிந்து கிடக்கிறது. வெயிலில் எல்லா நிறத்தையும் வாங்கிப் பழகிய பிலிம், குறிப்பிட்ட அந்த ஓர் இடத்தில் குருடாக இருந்தால் ஐஎஸ்ஓ எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் நீல மூட்டம் வேறு வகை. அது தூசியில் பட்டுச் சிதறும் நட்சத்திர ஒளி, அதற்கு எந்த பிலிமும் ஆகும்.

1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். 11 அங்குலத் தொலைநோக்கி, 51 நிமிட எக்ஸ்போஷர். பிலிமுக்குப் பதிலாக அன்று பயன்படுத்திய கண்ணாடித் தட்டுகளுக்குச் சிவப்பு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, அவருக்குக் கிடைத்தது நீலப் பக்கத்துக் கோடுகளின் ஒளிதான். 1888-இல் ஹார்வர்டில் எடுத்த ஒரு தட்டை ஆராய்ந்து வில்லியமினா ஃபிளெமிங் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டுபிடித்ததும் அப்படிப்பட்ட தட்டில்தான். குதிரைத்தலை இவ்வளவு தெளிவாக நமக்கு இன்று தெரிவதற்குக் காரணம் அதன் பின்னால் இருக்கும் சிவப்புத் திரை. அந்தத் திரையை பிலிம் பார்த்தால்தான் குதிரை தெளிவாகத் தெரியும்.

ரோல் தேர்வு

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளையும் அடுத்த இரவில் திருத்திக்கொள்ளலாம், தவறான ரோலைத் திருத்த முடியாது.

கலரில் என் முதல் தேர்வு கோடாக் எக்டாக்ரோம் ஈ100. 2018-இல் மறுபடி சந்தைக்கு வந்த ஸ்லைடு பிலிம் இது. ஹைட்ரஜன் ஆல்ஃபாவை நன்றாக வாங்குகிறது, கழுவும்போது ஒரு ஸ்டாப் 'புஷ்' செய்தால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளியில் இரண்டு மடங்கு; புஷ் என்றால் அதை ஈடுகட்டக் கூடுதலாகக் கழுவுவது) கான்ட்ராஸ்ட் கூடி நெபுலா எடுப்பாக நிற்கும். அடுத்தது ஃபூஜி புரோவியா 100எஃப். நீண்ட எக்ஸ்போஷரில் இதன் பொறுமை அபாரம், 128 வினாடி வரை எந்தத் திருத்தமும் (நேரத்தைக் கூட்டிக் கொடுப்பது) வேண்டாம் என்று ஃபூஜியே சொல்கிறது. கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றி மஞ்சளும் நீலமும் கலந்து கிடக்கும் பகுதிக்கு நான் புரோவியாவைத்தான் போடுவேன்.

கறுப்பு வெள்ளைக்கு வந்தால் பலரும் விழும் பள்ளம் ஃபூஜி அக்ராஸ். நீண்ட எக்ஸ்போஷருக்கு இதைவிடப் பொறுமையான கறுப்பு வெள்ளை ரோல் இல்லை என்றே சொல்லலாம்: 120 வினாடி வரை திருத்தம் கிடையாது, அதற்கு மேல் 1000 வினாடி வரைகூட அரை ஸ்டாப்தான். இதைப் படித்துவிட்டு நெபுலாவுக்கு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அக்ராஸின் சிவப்பு உணர்வு 656-ஐத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. கார்த்திகைக்கும் பால்வீதியின் இருண்ட தூசிப் பாதைகளுக்கும் அருமையான ரோல், ரோசெட்டுக்கு உதவாது.

இல்ஃபோர்டு ஹெச்பி5, எஃப்பி4 ஆகியவற்றின் உணர்வும் அந்த இடத்தில் சரிந்து விளிம்புக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் சிவப்பு வேண்டுமென்றால் இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 அல்லது ரோலெய் ரெட்ரோ 400எஸ் மாதிரி, சிவப்பைத் தாண்டி அகச்சிவப்பின் ஓரம் வரை நீளும் ரோல்களைத் தேடுங்கள். இவற்றோடு லென்ஸில் ஒரு சிவப்பு ஃபில்டர் போட்டால் (25 எண் போதும், 29 இன்னும் ஆழம்) நட்சத்திர ஒளியும் ஊர் வெளிச்சமும் பெருமளவு அடங்கிவிடும், நெபுலாவின் சிவப்பு ஒளி மட்டும் ஏறக்குறைய முழுசாக உள்ளே போகும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டர், 29 எண் ஃபில்டர் அதைத் தடுத்துவிடும். இப்போதைய வெள்ளை எல்ஈடி தெருவிளக்கு எல்லா நிறத்திலும் பரவுவதால் முழுசாகத் தடுக்க வழியில்லை.

கோடாக் டெக்னிக்கல் பேன் பற்றியும், 8 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவில் பிலிமைச் சூடாக்கி ஊறவைப்பது பற்றியும் பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்த ரோல் இப்போது தயாரிப்பில் இல்லை. எக்டாக்ரோம் ஈ200-ம் இல்லை. காலாவதியான பழைய சரக்கைத் தேடி அலைவதற்குப் பதிலாக ஒரு புது ஈ100 வாங்குங்கள்.

பெயர் தெரியாத ரோல் ஏதாவது கையில் கிடைத்தால் சோதனை எளிது: ஓரியன் முழுவதையும் 50 மில்லிமீட்டரில் 5, 10, 20, 40 நிமிடம் என்று நாலு ஃபிரேம் எடுங்கள். மங்கலான நட்சத்திரங்கள் எல்லாம் குவிந்திருந்தும் பர்னார்டு வளையத்தின் அடையாளமே இல்லையென்றால் அந்த ரோலுக்குச் சிவப்பு தெரியவில்லை.

பிலிமின் சோர்வு

வெயிலில் 1/250, 1/125 என்று மாற்றினால் இரட்டிப்பு ஒளி, இரட்டிப்புப் பதிவு. இருட்டில் அப்படி நடக்காது. ஒளி சொட்டுச் சொட்டாக வரும்போது பிலிமிலுள்ள வெள்ளி உப்புத் துகள், முதலில் வாங்கியதை அடுத்தது வரும்வரை பிடித்துவைக்க முடியாமல் கோட்டைவிடுகிறது. இதைத் தட்டுகளில் அளந்து கணக்காக எழுதியவர் கார்ல் ஷ்வார்ஸ்ஷைல்டு, கருந்துளைக் கணக்கில் பெயர் வருமே அவரேதான். 1890களின் கடைசியில் வியன்னாவில் நட்சத்திரங்களின் பிரகாசத்தைத் தட்டில் அளக்கும்போது பிடித்த விஷயம் இது.

இல்ஃபோர்டு ஒவ்வொரு ரோலுக்கும் ஓர் அடுக்கு எண் கொடுக்கிறது. ஹெச்பி5-க்கு 1.31, எஃப்பி4-க்கும் டெல்டா 100-க்கும் 1.26, எஸ்எஃப்எக்ஸுக்கு 1.43. கணக்கிட்ட வினாடியை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் உண்மையில் கொடுக்க வேண்டிய நேரம் வரும். இதைத் திருப்பிப் போட்டு நம் நேரங்களுக்கு நீட்டிப் பாருங்கள்: ஹெச்பி5-இல் 20 நிமிடம் திறந்து வைத்தால் கிடைப்பது 224 வினாடியின் பலன்தான். எஸ்எஃப்எக்ஸில் ஒரு மணி நேரம் வைத்தால் ஐந்து நிமிடத்தின் பலன்.

இதிலிருந்து கைக்கு உதவுகிற ஒரு முடிவு கிடைக்கிறது. ஹெச்பி5-இல் நேரத்தை இரட்டிப்பாக்கினால் பதிவு 1.7 மடங்குதான் கூடும். லென்ஸை ஒரு ஸ்டாப் திறந்தால் முழுசாக இரண்டு மடங்கு கூடும். அந்த ஒரு ஸ்டாப்பை நேரத்தால் ஈடுகட்ட வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரம் உட்கார வேண்டும். எனவே பிலிமில் வேகமான லென்ஸுக்கு இருக்கிற மதிப்பு டிஜிட்டலில் இருப்பதைவிட அதிகம். எஃப்/5.6 தொலைநோக்கியைவிட எஃப்/2.8 டெலி லென்ஸ் (எஃப் எண் சிறிதாக இருந்தால் உள்ளே வரும் ஒளி அதிகம்) நெபுலாவுக்கு மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேமரா

பேட்டரி இல்லாமல் 'பி' அமைப்பில் திறந்தே நிற்கும் மெக்கானிக்கல் ஷட்டர் வேண்டும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 எல்லாம் இந்த வகை. கேனான் ஏஈ-1 போன்ற எலக்ட்ரானிக் ஷட்டர் கேமராக்கள் திறந்திருக்கும் நேரம் முழுக்க பேட்டரியைத் தின்னும், குளிரில் நடுவிலேயே மூடிக்கொள்ளவும் கூடும். பூட்டு உள்ள கேபிள் ரிலீஸ் ஒன்று வாங்குங்கள், இரண்டாக வாங்கினால் இன்னும் நல்லது.

பின்கதவில் இருக்கும் கறுப்பு ஃபோம் பழைய கேமராக்களில் பிசினாகிப் போயிருக்கும். பகலில் ஐந்து வினாடியில் தெரியாத ஒளிக் கசிவு, நாற்பது நிமிடத்தில் ஃபிரேமின் ஓரத்தைச் சிவப்பாக்கிவிடும். புது ஃபோம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

லென்ஸ் 50, 135, 200 அல்லது 300, இந்த வரிசையில் போங்கள். 35 எம்எம் ஃபிரேமில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 40-க்கு 27 டிகிரி வானத்தை அடக்கும், ஓரியன் முழுசாக உள்ளே உட்காரும். 135-இல் 15-க்கு 10 டிகிரி: அரைக்கச்சையும் வாளும், அதாவது குதிரைத்தலையும் எம்42-ம் (ஓரியன் நெபுலா) ஒரே படத்தில். எஃப்/1.8 லென்ஸை எஃப்/2.8 வரையாவது மூடுங்கள், இல்லையென்றால் ஓரத்து நட்சத்திரங்கள் பறவை மாதிரி இறக்கை விரிக்கும்.

ஃபோகஸ்

லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். டெலி லென்ஸ்கள் பல, வெப்பத்தால் விரிவதைக் கணக்கில் வைத்து, அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும்.

பிலிம் போடும் முன்பு, இரவில், கேமரா வெளிக்காற்றில் அரை மணி நேரமாவது குளிர்ந்த பிறகு இதைச் செய்யுங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'-யில் பூட்டி, பிலிம் படுக்கும் உள்தண்டவாளங்களின் மேல் ஒரு சின்ன சொரசொரப்புக் கண்ணாடியை, சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வையுங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, 8 அல்லது 10 மடங்கு லூப்பால் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்புங்கள். புள்ளி ஊசிமுனையாகும் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நடுவைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் வளையத்தை டேப்பால் ஒட்டிவிட்டு அப்புறம் ரோல் போடுங்கள். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் படத்தின் கூர்மை முழுக்க இங்கேதான் தீர்மானமாகிறது.

மவுண்டும் துருவமும்

வானம் ஒரு வினாடிக்கு 15 ஆர்க்வினாடி நகர்கிறது (ஒரு டிகிரியில் 60 ஆர்க்மினிட், ஓர் ஆர்க்மினிட்டில் 60 ஆர்க்வினாடி). 50 மில்லிமீட்டர் லென்ஸில் இது பிலிமின் மேல் வினாடிக்கு 3.6 மைக்ரான். நட்சத்திரம் 25 மைக்ரானுக்குள் நின்றால் புள்ளியாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், சும்மா டிரைபாடில் ஏழு வினாடிதான் நமக்குக் கிடைக்கும். பிலிமுக்கு அது போதவே போதாது, பின்தொடரும் மவுண்ட் கட்டாயம்.

செலவில்லாத வழி, கீல் போட்ட இரண்டு பலகை. கீலிலிருந்து 228.5 மில்லிமீட்டர் தூரத்தில் எம்6 திருகு (ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் ஏறும்), அதை நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் கையாலோ மோட்டாராலோ திருப்ப வேண்டும். நேர்த்திருகில் போகப் போகப் பிழை சேரும்: பத்து நிமிடத்தில் 6 ஆர்க்வினாடிகூட இல்லை, இருபதாம் நிமிடத்தில் 46 ஆகிவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் 100 ஆர்க்வினாடி வரை பொறுத்துக்கொள்ளும், அதனால் பரவாயில்லை. 135-க்கு 38, 300-க்கு வெறும் 17. அவற்றுக்குக் கடையில் விற்கும் சின்ன ஸ்டார் ட்ராக்கரோ முழு ஈக்குவடோரியல் மவுண்டோ வேண்டும்.

மவுண்ட் சுழலும் அச்சு, வானம் சுழல்வது போலத் தெரியும் துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். அந்தத் துருவத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடிக்க வேண்டும்? எளிய கணக்கு: பிழை எத்தனை ஆர்க்மினிட்டோ, அதை எக்ஸ்போஷர் நிமிடத்தால் பெருக்கி நாலால் வகுத்தால், அதிகபட்ச நகர்வு ஏறக்குறைய ஆர்க்வினாடியில் வந்துவிடும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து 40 ஆர்க்மினிட் அளவுக்கு விலகி இருக்கிறது. அதையே துருவம் என்று வைத்து 50 மில்லிமீட்டரில் பத்து நிமிடம் எடுத்தால் 100, ஆக எல்லையில்தான் நிற்கும். 135-இல் இருபது நிமிடம் வேண்டுமென்றால் பிழை 7 ஆர்க்மினிட்டுக்குள் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல். சென்னையில் துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரம், யாழ்ப்பாணத்தில் 10-க்குக் கீழே, கன்னியாகுமரியில் 8. சிங்கப்பூரில் ஏறக்குறைய அடிவானத்திலேயே. மரமோ மலையோ மூட்டமோ மறைத்துவிடும். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த மவுண்டுகள் சில இவ்வளவு கீழே சாயவே சாயாது, சாய்ந்தாலும் எடைத்தண்டு டிரைபாட் காலில் இடிக்கும். வாங்குமுன் எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேளுங்கள்.

துருவம் தெரியாத இடத்தில் டிரிஃப்ட் முறைதான் (நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது) கதி. குறுக்குக்கம்பி உள்ள ஐபீஸ் வழியே, உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்குமேல் தெற்கே போகும் கோடு), வான நடுக்கோட்டுக்குப் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். தை, மாசியில் ஓரியன் அரைக்கச்சையின் மின்டாகா இதற்கென்றே வைத்த மாதிரி நடுக்கோட்டில் நிற்கும். அது தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்திவிட்டு, கிழக்கே தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்துக்குப் போங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் வரை நகராமல் நின்றால் 135-க்குப் போதும்.

200, 300 லென்ஸுக்கு மேல் போனால் கைடிங் தேவை. பழைய முறை, பக்கத்தில் ஒரு கைடு தொலைநோக்கி வைத்து, ஒளிரும் குறுக்குக்கம்பியில் நட்சத்திரத்தை நிறுத்திக்கொண்டு பட்டனால் திருத்திக்கொண்டே இருப்பது. இப்போதைய ஆட்டோகைடரை பிலிம் கேமராவுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், மவுண்டில் எந்த கேமரா இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

எந்த மாதம், எது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஓரியனின் நல்ல காலத்தைத் தின்றுவிடும். எனவே நமக்கு ஓரியன் என்றால் ஜனவரியும் பிப்ரவரியும். ஜனவரி நடுவில் இரவு பத்து மணியளவில் உச்சிக்கு வரும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படம் எம்42-ஆக இருக்கட்டும், அது பிரகாசமானது, ஐந்து நிமிடத்திலேயே பதிந்து தைரியம் கொடுக்கும். அடுத்து அதே இரவில் ரோசெட். ஒரு டிகிரிக்கும் மேல் அகலமானது, 135-இலேயே வட்டமாகத் தெரியும், கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஈரமான ஸ்லைடில் சிவப்பாக எழுந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே ரோசெட் எடுக்கலாம்.

மார்ச், ஏப்ரலில் தெற்கே திரும்புங்கள். ஈட்டா கரினே நெபுலா வடநாட்டவருக்கு வாய்க்காத சொத்து. டெல்லியில் அது அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், சென்னையில் 17 டிகிரி, கன்னியாகுமரியில் 22 டிகிரி வரை எழும். லண்டனில் எழுவதே இல்லை. 1960களில் ஜவ்வாது மலையில் காவலூரை வைணு பாப்பு வானாய்வுக்குத் தேர்ந்தெடுத்தபோது, இருண்ட வானத்தோடு தென்வானமும் கிடைக்கும் என்பது முக்கியமான காரணம். உங்களுக்கும் அதே அனுகூலம் இருக்கிறது. தெற்கே ஊர் வெளிச்சமில்லாத இடமாகப் பாருங்கள், தாழ்வாக இருப்பதால் மூட்டம் ஒளியைக் குறைக்கும், எக்ஸ்போஷரை ஒன்றரை மடங்காக்குங்கள்.

மே மாதத் தொடக்கத்தில் விடியற்காலை மூன்றரை வாக்கில் லகூன் என்கிற எம்8 உச்சியில் நிற்கும், பக்கத்திலேயே எம்20 என்கிற டிரிஃபிட் நெபுலா. அதற்கு முன்பே கேட்டையைச் சுற்றிய வண்ணப் பகுதியை முடித்துவிடலாம். வடகிழக்கில் வட அமெரிக்கா நெபுலா ஏறி வரும், அதுவும் நல்ல சிவப்பு, மூன்று முழு நிலவை வரிசையாக வைத்தாலும் தாண்டும் அளவு பெரியது.

மலைக்காட்டில் இரவு தங்க வனத்துறை அனுமதி வேண்டிய இடங்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இரவின் வேலை

ஃபிரிட்ஜில் வைத்திருந்த ரோலை, டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியில் வைத்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் பிலிமில் ஈரம் படியும். முதல் ஃபிரேமைப் பகலிலேயே ஏதாவது வெளிச்சமான காட்சியாக எடுத்துவிடுங்கள். நெபுலா ஃபிரேம்களுக்கு ஓரம் தெரியாது, லேபில் எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிக்க இந்த ஒரு ஃபிரேம்தான் அடையாளம்.

ஒவ்வொரு முறை பிலிமைச் சுற்றிய பிறகும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். ஈரக்காற்றில் பிலிம் மெல்ல வளைந்து அசையும், அடங்கியபின் எடுத்தால் நட்சத்திரம் இரட்டையாக விழாது.

அப்புறம் கறுப்பு அட்டை. லென்ஸுக்கு முன்னால் தொடாமல் அட்டையைப் பிடித்துக்கொண்டு, கேபிளை அழுத்திப் பூட்டி, பத்து வினாடி பொறுத்து, ஆட்டம் அடங்கியதும் அட்டையை எடுங்கள். முடிக்கும்போது முதலில் அட்டை, பிறகு ஷட்டர். நடுவில் விமானமோ வண்டி வெளிச்சமோ வந்தால் அட்டையைக் காட்டி மறைத்துவிட்டு, அந்த நேரத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். நாற்பது நிமிடத்தில் இருபது வினாடி மறைத்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, விமானக் கோடு விழுந்தால் ஃபிரேம் போச்சு.

நல்ல இருட்டில் ஈ100-ஐ ஒரு ஸ்டாப் புஷ் செய்வதாக வைத்துக்கொண்டால், எஃப்/2.8-இல் 15 முதல் 30 நிமிடம், எஃப்/4-இல் 30 முதல் 60. ஊருக்குப் பக்கத்தில் இதில் பாதிகூடத் தாங்காது. ஸ்லைடைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: வானம் அட்டைக்கரியாக இருந்தால் நேரம் பற்றவில்லை, பழுப்போ பச்சையோ ஏறியிருந்தால் அதிகம், கறுப்பிலிருந்து ஒரு படி வெளுத்திருந்தால் சரி. ஒரே பொருளை ஒரே அளவு எக்ஸ்போஷர் நேரத்தில் குறைந்தது இரண்டு ஃபிரேம் எடுங்கள், பின்னால் உதவும்.

லென்ஸில் பனி படிகிறதா என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் டார்ச்சால் சாய்வாகப் பாருங்கள். பவர்பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை மலிவு, கண்டிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொருள், லென்ஸ், ஸ்டாப், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வானம் எப்படி என்று நோட்டில் எழுதுங்கள். பிலிமில் அந்தத் தகவல் தானாகப் பதியாது.

கழுவுதல்

ரோலைப் பாதியில் மாதக்கணக்கில் கேமராவில் விட்டுவைக்க வேண்டாம், நம் வெயிலில் பதிந்த ஒளி மங்கிக்கொண்டே போகும். வண்டி டாஷ்போர்டில் வைக்கவே கூடாது.

ஸ்லைடுக்கு ஈ-6 முறை, 38 டிகிரி வெப்பத்தைக் கறாராகக் காக்க வேண்டும். இதைச் செய்யும் லேப்கள் குறைவு, கூரியரில் அனுப்பும்போது உறைமேல் பெரிதாக எழுதுங்கள்: "நட்சத்திரப் படம், ஒரு ஸ்டாப் புஷ், வெட்ட வேண்டாம்." எழுதாவிட்டால் நெபுலாவின் நடுவில் கத்தி விழுவதும், காலி ஃபிரேம் என்று ஸ்கேன் செய்யாமல் விடுவதும் நடக்கும்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுங்கள். டி-76, ஐடி-11, ஹெச்சி-110 எதுவானாலும் சரி, கான்ட்ராஸ்ட் கூடுதலாக வேண்டுமானால் பழைய வானியல் ஆட்கள் விரும்பிய டி-19. ஹெச்பி5-க்கு ஐடி-11-இல் சாதாரணக் கழுவலுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம், 800-க்கு புஷ் செய்தால் பத்தரை. ஆனால் நம் குழாயில் வருவது 28, 30 டிகிரித் தண்ணீர். பெரிய வாளியில் ஐஸ் போட்டு, டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். 20 முடியவில்லையென்றால் 24-இல் நிறுத்தி, அதற்கான அட்டவணைப்படி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம், கறை திட்டுத்திட்டாக விழும். ஒரு பாத்திரம் குளிர், அடுத்தது சூடு என்று மாறினால் எமல்ஷன் (பிலிமின் மேலுள்ள ஒளி உணர் பூச்சு) சுருங்கி வலைபோல வெடிக்கும்.

ஸ்கேன்

கடை ஸ்கேனர் தானாக வெளிச்சம் திருத்தி, வானத்தைச் சாம்பலாக்கி நெபுலாவைத் தின்றுவிடும். டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு, எல்ஈடி பலகைமேல் ஸ்லைடை வைத்து, ரா கோப்பாக எடுப்பது எளிது, தரமும் நல்லது. இருண்ட பகுதிக்காக ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாகவும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஃபிரேம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். பிலிமின் துகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில் இருக்கும், நெபுலா மட்டும் அதே இடத்தில் இருக்கும். நட்சத்திரங்களை வைத்து ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திச் சராசரி எடுத்தால் துகள் இரைச்சல் சுமார் 30 சதவீதம் குறையும், நாலு ஃபிரேம் இருந்தால் பாதியாகும். கம்ப்யூட்டர் வருமுன் நெகட்டிவ்களையே ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி இதைச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் இருட்டறையிலேயே மங்கலான பகுதியை மட்டும் இழுத்தெடுக்கும் முறைகளை உருவாக்கி, மூன்று வண்ணத் தட்டுகளைச் சேர்த்து உலகம் வியந்த படங்களைக் கொடுத்தார்.

கம்ப்யூட்டரில் கர்வ் இழுத்து வெளிச்சத்தைத் திருத்தும்போது வானத்தை முழுக் கறுப்பாக்கிவிடாதீர்கள். குதிரைத்தலையைச் சுற்றிய மெல்லிய சிவப்பு வானத்தின் வெளிச்சத்துக்குச் சற்று மேலேதான் நிற்கிறது, கறுப்பை அமுக்கினால் முதலில் போவது அதுதான். எம்42-இன் நடுப்பகுதி சில பிலிம்களில் பச்சைக்குப் பதிலாக இளஞ்சிவப்பாக வரும். ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர், பிலிமின் நீல அடுக்குக்கும் பச்சை அடுக்குக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுவதால் அப்படி. அது அந்த பிலிமின் இயல்பு, நான் அதைத் திருத்துவதில்லை.

கழுவிய ரோலை ஆறு ஃபிரேம் பட்டைகளாக நீங்களே வெட்டி, உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பது லென்ஸை மட்டுமில்லை, எமல்ஷனையும்தான். உறையின் மேல் நோட்டிலுள்ள ஃபிரேம் எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.